படுக்கச் சொல்லும் ரிக்சின்

லடாக் மலைமேல் இருக்கும் லே நகரத்துக்கு வரும் சுற்றுலாக் குழுக்களை முதல் இரண்டு நாள் படுக்க வைப்பதுதான் ரிக்சின் அண்ணனின் தொழில். வழிகாட்டி என்று பெயர். விமான நிலைய வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார்: இங்கே காற்று மெல்லிசு, படி ஏறாதீர்கள், குளிக்காதீர்கள். கேட்காமல் செத்தவர்கள் கதையும் உண்டு. நான் அவருக்கு வண்டி ஓட்டுகிறேன், பக்கத்து வீடும்கூட.

ஒரு குளிர்காலம் முழுக்க அவரும் மனைவி யாங்சனும் டெல்லியில் மகள் வீட்டில் இருந்தார்கள். திரும்பிய விமானத்திலேயே சீசனின் முதல் குழுவும் வந்தது. புனேக்காரர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியைகள். தலைவி சுலபா பாய் என்ற அம்மாள். விடுதியில் அவர்கள் பெட்டி தூக்கக் கூடாதென்று ரிக்சின் தானே தூக்கி மாடியேறினார். பாதிப் படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

விமானச் சாப்பாடு சரியில்லை என்றார். ஆஸ்பத்திரியில் டாக்டர் உயர நோய் என்றார்.

"நான் இந்த ஊர்க்காரன் டாக்டர்."

"அது உங்க ரத்தத்துக்கு மறந்துபோச்சு."

யாங்சனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் என்று டாக்டருக்கும் தெரியவில்லை. வெளியே சொல்லாதே என்று ரிக்சின் என்னிடம் கெஞ்சினார். நான் சொல்லவில்லை; சாயங்காலத்துக்குள் கடைத்தெருவுக்கே தெரிந்திருந்தது. மறுநாள் சுலபா பாய் ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்து, இரண்டு நாள் படுக்க வேண்டும், குளிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். ரிக்சின் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

குழு நன்றாக ஓய்வெடுத்து எழுந்தது. வேறு ஆள் கிடைக்காமல் யாங்சனே திக்சே மடாலயத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே இருக்கும் உயரமான மைத்ரேய புத்தர் சிலை எத்தனை அடி என்று ஒருவர் கேட்டார். தெரியாது என்றாள். வருஷா வருஷம் இங்கே வந்து, வீட்டுக்காரர் கொஞ்சம் குறைவாகப் பேச வேண்டும் என்று வேண்டிக்கொள்வதாகச் சொன்னாள். ஆசிரியைகள் அப்படியே உட்கார்ந்து தங்கள் வீட்டுக்காரர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்கள். அன்றைய திட்டத்தில் இருந்த மீதி இரண்டு மடாலயங்களுக்குப் போகவே இல்லை. யாரும் குறைப்படவில்லை.

திரும்பி ஆஸ்பத்திரிக்கு வந்ததும் ரிக்சின் ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கிக் கேட்டார். "எந்த வருஷம் கட்டினதுன்னு சொன்னியா?"

"அவங்க கேக்கல."

"பின்ன இவ்வளவு நேரம் என்னதான் பேசினீங்க?"

"உங்களைப் பத்தித்தான்."

அவர் முகமூடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

அடுத்த சீசனில் புனே ஏஜென்சி யாங்சனைத்தான் கேட்டது. ரிக்சின் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு அவரே அவளுக்கு வழிகாட்டிகள் போடும் கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்தார். இப்போது பெண்கள் குழு என்றால் அவள்தான். அந்த நாட்களில் அவர் வீட்டில் துக்பா, எங்கள் ஊர் நூடுல்ஸ் சூப், காய்ச்சி வைக்கிறார். உப்பு சற்றுத் தூக்கல். யாங்சன் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக்கொண்டு குடிக்கிறாள்.