சவப்பெட்டியின் ஸ்க்ரூ

என் மதினி முத்தாரம்மாளுக்குச் சாலைக் கடைத்தெருவில் ஆணி, ஸ்க்ரூ, தாழ்ப்பாள் விற்கும் கடை. பெட்டிக்குள் கையை விட்டுத் தடவியே ஸ்க்ரூவின் அளவைச் சொல்லிவிடுவாள். அவளுக்கு இருக்கும் ஒரே பைத்தியம் ரத்தக்காட்டேரி சீரியல்.

மாதத்தில் ஒரு ஞாயிறு ஸ்ரீவராகத்தில் பிச்சுமணி சார் வீட்டில் ரசிகர்கள் கூடுவோம். கதை நடப்பது 1790-இல். காட்சிகள் அந்தக் காலத்துக்குப் பொருந்துகின்றனவா என்பதுதான் எங்கள் சண்டை. சார் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர். அவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். மதினியிடம் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்கு எரிச்சலாக வரும்.

போன ஞாயிறு, ரத்தக்காட்டேரிப் பிரபு சவப்பெட்டியிலிருந்து எழும் காட்சி ஓடியது. "பொய்முடி, பொத்தான், மெழுகுவத்தி, எல்லாம் அந்தக் காலத்தோடதுதான். ஒரு தப்பு கிடையாது" என்று சார் முடித்துவிட்டார்.

"அதை ஒண்ணு நிறுத்துங்க சாரே" என்றாள் மதினி. "பெட்டி மூடியைப் பாருங்க. பிளஸ் தலை ஸ்க்ரூ போட்டிருக்கான். அன்னைக்கு மைனஸ் தலைதான் உண்டு. பிளஸ் வந்து நூறு வருஷம்கூட ஆவல்லை, கேட்டேளா."

சார் போனில் தேடினார். 1930-களில்தான் வந்தது என்று அவரே உரக்க வாசித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நான்தான் பலமாகத் தட்டினேன்.

"நீங்க ஹிஸ்டரி எங்கே படிச்சேள்?" என்று சார் கேட்டார்.

மதினி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"படிக்கல்லை சாரே. விக்கேன்."