மம்மலுக்கு முன்னம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போய்த் தேத்தண்ணி போடுகிற ஆள் நான். கோயிலுக்குப் போவேன், வெள்ளிக்கிழமை மரக்கறி சாப்பிடுவேன், அதோடு சரி. அதனால் இந்தக் கதையை நான் எங்கே சொன்னாலும் கேட்கிறவர்கள் முதலில் என் கணவர் நேசனின் முகத்தைத்தான் பார்ப்பார்கள், இவள் சொல்வது உண்மையா என்று. அவர் ஓம் என்று தலையை ஆட்டுவார். நீங்களும் நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

ஆனால் ஒரு வேடிக்கை, காட்டில் நடந்ததைவிடப் பெரும்பாலானவர்கள் நம்பாதது, நான் வில்லும் அம்பும் எடுத்துக்கொண்டு மான் வேட்டைக்குப் போகிறவள் என்பதைத்தான். மொன்றியலில், செயின்ட்-மிஷேலில் எங்கள் மாடிக்குக் கீழே இருக்கிற அக்கா இன்றைக்கும் அது ஏதோ பகிடி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறா.

அது தொடங்கியது மார்செலால். நேசனுக்கு டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை, நான் அதற்குப் பக்கத்திலேயே விமானத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறேன். மார்செல் நேசனோடு வேலை செய்கிறவர், வெள்ளை மீசை, பெரிய கை, தன் வீட்டு நிலவறையில் மரத்தைச் செதுக்கி வில் செய்வார். சில்லுப் பூட்டிய புதுமாதிரி வில்லைக் கண்டால் "அது சைக்கிள்" என்பார். ஒரு கோடையில் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டவர், வீட்டு வளவில் வைக்கோல் கட்டு ஒன்றை நிறுத்திவைத்து நேசனிடம் வில்லைக் கொடுத்தார். இவர் இழுத்த இழுவைக்கு அம்பு அவர் காலடியிலேயே விழுந்தது. சிரித்துக்கொண்டே நான் வாங்கி இழுத்தேன், எப்படி என்று தெரியாது, அது போய் வைக்கோலில் சதக்கென்று குத்திக்கொண்டு நின்றது. நாண் விரலை விட்டுப் போகிற அந்தச் சின்னச் சத்தம் இருக்கிறதே, அது அன்றைக்கே எனக்குள் புகுந்துவிட்டது.

பிறகு வேட்டைக்கு உரிய வகுப்பு, அனுமதிப் பத்திரம் எல்லாம். வகுப்பு முழுக்கப் பிரெஞ்சு. எனக்குத் தெரிந்தது பொன்ஜூரும் மெர்சியும். நேசன் பக்கத்தில் இருந்து காதுக்குள் சொல்லச் சொல்லத்தான் நான் தேறினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு இலையுதிர் காலமும் மார்செலின் காட்டுக்குப் போவோம், நேசன், நான், என் தம்பி சுதன், மார்செல். மொன்றியலுக்கு வடக்கே, மலைப்பக்கம், ஒரு சதுப்பு நிலத்தை ஒட்டி அவருக்குக் கொஞ்சக் காடும் ஒரு சின்ன மரவீடும் இருக்கிறது.

உண்மையைச் சொன்னால் நாங்கள் மானைக் கொண்டுவந்த வருடங்களைவிட வெறுங்கையோடு வந்த வருடங்கள்தான் கூட. ஆனால் அந்த நாட்களை எனக்கு யாரும் விலைக்குத் தரமுடியாது. வீட்டில் ஒரு நிமிஷம் சும்மா இருக்காத நான் அங்கே ஒரு மரத்தோடு சாய்ந்து, மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காமல், பொழுது விடிய வெளிச்சம் மேப்பிள் இலைகளில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நேசன் அடுத்த மரத்தடியில் குறட்டை விடுவார், ஒருமுறை அணில் ஒன்று அவருடைய தொப்பியில் ஏறி இருந்து கொட்டை தின்றது. சுதன் வருவதே சாப்பாட்டுக்கு. மார்செல் கொண்டுவருகிற மான் இறைச்சியை நான் எங்கள் மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டுவேன், மார்செல் கண்ணீரும் மூக்குமாக அழுதுகொண்டே தட்டை மறுபடி நீட்டுவார்.

இப்படியிருக்க, அந்த வருடம் காரில் போகும்போதே மார்செல் காட்டை விற்கப்போவதாகச் சொன்னார். அவருடைய மனைவி ஜினெட், நாங்கள் அவரை அறிவதற்கு முன்னமே இறந்துபோனவ. அந்தக் காடே அவவோடு சேர்ந்து வாங்கியதாம், அவவும் வில்லோடு வேட்டைக்குப் போனவவாம், இவரைவிட நன்றாக எய்வாவாம். இத்தனை வருடம் எங்களுக்காகச் சமாளித்திருக்கிறார், இனி முடியாது, ஒவ்வொரு மரத்தையும் பார்க்க நெஞ்சு அடைக்கிறது என்றார். அன்று தன் வில்லை மரவீட்டுச் சுவர் ஆணியிலிருந்து எடுக்கவே இல்லை.

அன்று பின்னேரம் நான் சதுப்புக்கு அந்தப் பக்கம் தனியே இருந்தேன். நேசனும் சுதனும் மேட்டுப்பக்கம். மார்செல் வீட்டில். ஒரு பெண் மான் வந்தது, நான் எய்தேன், அம்பு அதன் முதுகுக்கு மேலால் போய்விட்டது, மான் ஒரு துள்ளலில் மறைந்தது. அம்பை விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அது மார்செல் வான்கோழி இறகு ஒட்டிச் செய்து தந்தது, கடைசித் தடவை வேறு, மனம் கேட்கவில்லை, தேடிப் போனேன். தேடித் தேடி ஒருவழியாக எடுத்துவிட்டு நிமிர்கிறேன், மழைத் தூறலோடு பனிப்புகார் இறங்கிவிட்டது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மரம், ஒரே வெள்ளை. ஃபோனில் சிக்னல் இல்லை. வழி என்று நினைத்து நடந்தேன், பச்சைப் பாசி என்று கால் வைத்த இடம் உள்ளே போய் முழங்கால்வரை குளிர்ந்த தண்ணீர். பூட்ஸ் நிறைந்துவிட்டது. இழுத்து எடுப்பதற்குள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கத்தினேன். என் சத்தம் எனக்கே பஞ்சுக்குள் அமுக்கினமாதிரிக் கேட்டது. குளிரில் பல் அடித்துக்கொண்டது, இனி இருட்டிவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயம்.

அப்போதுதான் அவ நின்றா.

கொஞ்சம் தள்ளி, பேர்ச் மரங்களுக்கு நடுவே. சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை, நரைத்த தலைமயிர் ஒற்றைப் பின்னல், தோளில் மரவில். பக்கத்துக் காட்டுக்காரர் யாரோ என்று நினைத்தேன்.

"அங்கால போகாதை பிள்ளை, அது முழுக்கத் தண்ணி. இஞ்சால வா" என்றா. பிறகு, "மம்மலுக்கு முன்னம் ரோட்டுக்குப் போயிடோணும்."

மம்மல் என்றால் எங்கள் பக்கத்தில் பொழுதுபட்டு இருட்டுகிற நேரம். அந்தச் சொல்லை நான் கடைசியாக எப்போது கேட்டேன் என்றுகூட நினைவில்லை. ஆனால் நம்புங்கள், அந்த நேரத்தில் எனக்கு அது ஒரு அதிசயமாகவே படவில்லை. நடுக் கியூபெக் காட்டில் ஒரு வெள்ளைக்கார மனுசி யாழ்ப்பாணத் தமிழ் கதைக்கிறாவே என்று ஒரு கேள்வி எழும்பவேண்டாமா? எழும்பவில்லை. அப்பாடா, ஆள் வந்துவிட்டது என்ற ஒரே நினைப்புத்தான்.

அவ முன்னே நடந்தா, நான் பின்னே. கால் இருந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இருந்தது, ரப்பர் பூட்ஸும் போட்டிருந்தது. குறுக்கே கிளை வந்த இடங்களில் அதைப் பிடித்து, நான் கடக்கும்வரை நின்று, முகத்தில் அடிக்காமல் பார்த்து விட்டா. ஒருமுறை திரும்பாமலே, "அம்பு கிடைச்சதோ?" என்று கேட்டா. "ஓம் அன்ரி" என்றேன். "நல்லது" என்றா. வழியில் அவ்வளவுதான் பேச்சு. என் நடுக்கம் எப்போது நின்றது என்று தெரியாது, ஈரக் கால்கூடக் குளிரவில்லை.

மரங்கள் விலகி, வண்டித் தடம் தெரிந்தது, அதற்கு அப்பால் வீட்டு யன்னலின் வெளிச்சம். நான் தடத்தில் ஏறி, அவவோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு வெளிச்சத்தைப் பார்த்து ஓடத் தொடங்கினேன். நன்றி சொல்லவில்லையே என்று திரும்பினால் மரங்களும் புகாரும் மட்டும்தான்.

முற்றத்தில் நேசனும் சுதனும் டோர்ச்சோடு நின்று என் பெயரைக் கத்திக்கொண்டிருந்தார்கள். நேசன் ஓடிவந்து பிடித்த பிடியில் எனக்கு எலும்பு நொந்தது.

"எங்கையப்பா போனனீ? பொலிசுக்கு ஃபோன் அடிக்கப்போறன் எண்டு நிக்கிறன்!"

"வழி மாறிப் போனன். தமிழ் கதைக்கிற மனுசி ஒண்டு கொண்டுவந்து விட்டவ."

சுதன் அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டான். "இஞ்சையோ? தமிழ் கதைக்கிற மனுசியோ? அக்கா, உங்களுக்குக் குளிரிலை தலை சுத்திட்டுது, உள்ளுக்கை வாங்கோ."

உள்ளே போனால் மார்செல் அடுப்படியில் இருக்கிறார். அவர் கத்தவும் இல்லை, எழும்பவும் இல்லை. முகம் சுண்ணாம்பு மாதிரி. என்னைப் பார்த்து ஏதோ கேட்டார், நேசன் தமிழில் சொன்னார்: "உன்னோட ஆர் வந்தது எண்டு கேக்கிறார்."

நான் சொன்னேன். சட்டை, பின்னல், வில், சொன்ன வார்த்தை. நேசன் ஒவ்வொன்றாகப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு வந்தவர், கடைசி வசனத்துக்கு வந்ததும் மார்செல் கையைத் தூக்கி நிறுத்தி, தானே அதைச் சொன்னார். "அவான் லா ப்ரூனாந்த், மா ஃபீ." நேசன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னப்பா சொல்லுறார்?"

"மம்மலுக்கு முன்னம், மகள்... எண்டு." நேசன் மார்செலைக் காட்டினார். "விறகு எடுக்கப் பின்பக்கம் போகேக்கை சதுப்புப் பக்கமிருந்து கேட்டதாம். ஜினெட்டின்ரை குரலாம்."

நான் தமிழில் கேட்டதை அவர் பிரெஞ்சில் கேட்டிருக்கிறார், அதே பின்னேரம், சதுப்பின் மறுகரையிலிருந்து. ஜினெட்டுக்குப் பிரெஞ்சைத் தவிர ஒரு சொல் தெரியாது, ஆங்கிலமே வராதாம். எனக்குப் பிரெஞ்சு வராது. மேட்டில் நின்ற நேசனுக்கும் சுதனுக்கும் மழைச் சத்தம்தான் கேட்டது.

மார்செல் பிறகு சொன்னதை நான் மறக்கவேமாட்டேன். அந்தக் குரலைக் கேட்டதும் அவருக்குப் பயம் வரவில்லையாம், கோபம்தான் வந்ததாம். இத்தனை வருடம் கழித்து வருகிறாள், என்னோடு ஒரு வார்த்தை இல்லை, வேறு யாரையோ மகள் என்கிறாள், எங்களுக்கு மகளே இல்லையே என்று. சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரிப்பு அழுகையாகிவிட்டது, சுதன் போய்ப் பக்கத்தில் இருந்து அவர் முதுகைத் தடவினான். "அவள் அப்படித்தான், வந்தவர்களை வழியில் விடமாட்டாள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஃபோனில் அவவின் படத்தைக் காட்டினார். அவதான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். படத்தில் முன்பக்கம் பார்த்துச் சிரிக்கிறா, காட்டில் நான் அதிகம் பார்த்தது முதுகை. பின்னல் மட்டும் அதே பின்னல்.

அடுத்த நாள் விடிய நான் கண் விழித்தபோது ஆணியில் மார்செலின் வில் இல்லை. வெளியே முற்றத்தில் நாண் பூட்டிக்கொண்டு நின்றார். "வாறியா?" என்று தனக்குத் தெரிந்த ஒரே தமிழில் கேட்டார். நாலு பேரும் போனோம். ஒன்றும் கிடைக்கவில்லை. அவ்வளவு சந்தோஷமான வெறுங்கை என் வாழ்க்கையில் இல்லை.

காடு விற்கப்படவில்லை. இப்போதும் போகிறோம். எங்கள் மகளும் வரத் தொடங்கிவிட்டாள், அவளும் மார்செலும் பிரெஞ்சில் என்னைப் பற்றித்தான் ஏதோ பேசிச் சிரிக்கிறார்கள் என்று தெரியும். மார்செல் புது வில் ஒன்று செதுக்குகிறார், அவளுடைய உயரத்துக்கு.

தெரிந்த டாக்டர் ஒருவர், தமிழ்நாட்டுக்காரர், பொறுமையாக விளக்கினார்: "உடம்பு ரொம்பக் குளிர்ந்து போச்சுன்னா மூளை இப்படியெல்லாம் காட்டும்மா." சரி டாக்டர், அடுப்படியிலிருந்து விறகு எடுக்க வெளியே போய்வந்த மார்செலுக்கு என்ன குளிர் என்றேன். "அது எனக்குத் தெரியலை" என்றார். நல்ல மனிதர்.

இனி ஒன்று மிச்சம். அன்று மார்செலிடம் எல்லாவற்றையும் சொன்ன நான் இதை மட்டும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. நேசனுக்கு மட்டும் தெரியும். மார்செலுக்குத் தமிழ் வாசிக்க வராது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

வண்டித் தடத்தில் ஏறியதும் நான் அவவிடம், "நீங்கள் வரேல்லையோ அன்ரி? உள்ளுக்கை வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன்" என்று கேட்டேன்.

அவ காட்டின் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே, "இல்லைப் பிள்ளை, நீ போ. உங்கடை ஆள் ஒண்டு இன்னும் வரேல்லை. நான் நிக்கிறன்" என்றா.

நாங்கள் போனது நாலு பேர். மார்செல் அடுப்படியில். நேசனும் சுதனும் முற்றத்தில். நான் தடத்தில். எல்லோரும் வந்துவிட்டோம். அன்று காட்டுக்குள் கால் வைக்காதவர் மார்செல் ஒருவர்தான்.