ரோஸ்விதாவின் இடது காது

வியன்னாவில் இருநூறு வருஷத்துக்கு முந்தைய மரப் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது ரோஸ்விதாவின் தொழில். இரும்புச் சட்டம் இல்லாத, தோல் சுற்றிய சுத்திகள் வைத்த பியானோக்கள். மழை பெய்தால் உப்பிக்கொள்ளும், கணப்பு மூட்டினால் முறுக்கிக்கொள்ளும். முப்பது வருஷமாக அவற்றின் கோணங்கித்தனத்துக்கெல்லாம் ஈடு கொடுத்தவள், இந்தக் குளிர்காலத்தில் இடது காது பஞ்சடைத்த மாதிரி ஆனதும் ஆடிப்போனாள். டாக்டரிடம் போகவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை. போயே போச்சு என்று அவர் சொல்லிவிட்டால் அறுபத்தொரு வயதில் வேறென்ன வேலை தெரியும் அவளுக்கு?

அன்று ஞாயிறு, காலை பதினோரு மணிக்கு அவள் சிநேகிதி வால்புர்காவின் கச்சேரி. விடியலிலேயே வந்து பியானோவுக்குச் சுருதி சேர்த்து வைத்திருந்தாள் ரோஸ்விதா. எல்லாம் அந்தக் காலத்துக் காதல் பாட்டுகள். அந்தக் கால வழக்கப்படியே வால்புர்கா தானே வாசித்துத் தானே பாடுவாள். கடைசி மூன்று பாட்டுக்கு மட்டும் கெர்னோட்டின் மரப் புல்லாங்குழல் சேரும். அவன் தேவாலயத்தில் பூசைக்கு வாசித்துவிட்டு இடைவேளைக்குத்தான் வருவான்.

முதல் பாட்டின் முதல் வரியிலேயே வால்புர்காவின் புருவம் ஏறியது. நிறுத்தாமல் பாடினாள். இடைவேளையில் பின்னறைக்கு வந்துதான் கேட்டாள்.

“ஏன்டி, பியானோ கிட்டத்தட்ட அரைக்கட்டை கீழ நிக்குது. ஒனக்குத் தெரியலையா?”

ரோஸ்விதா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“காது போயிடுச்சு, வால்புர்கா. நாலு மாசமாச்சு. சொல்லப் பயந்துட்டு இருந்துட்டேன்.”

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். மூச்சிரைக்க உள்ளே நுழைந்த கெர்னோட் இதைக் கேட்டுவிட்டு மேடைக்குப் போய், நாலைந்து கட்டைகளை அமுக்கிப் பார்த்துத் திரும்பி வந்தான்.

“இருபது நிமிஷத்துல கம்பிய ஏத்த முடியாது, பட்டுபட்டுன்னு அறுந்துடும். ஆமா, நேத்து எங்க வேலை உங்களுக்கு?”

“ஒரு தேவாலயத்துல. இந்தப் பியானோவவிடப் பழைய காலத்து வாத்தியம், சுருதியும் இன்னும் கீழ.”

“சுருதி பாக்க நீங்க தட்டுற இசைக்கவையக் காட்டுங்க.”

கோட்டுப் பையிலிருந்து எடுத்தாள். காம்பில் அதன் அதிர்வெண் 415 என்று பொறித்திருந்தது. இன்றைக்கு வேண்டியது 430. அந்தக் கவை வீட்டில் இன்னொரு கோட்டில் தூங்கிக்கொண்டிருந்தது.

கெர்னோட் விழுந்து விழுந்து சிரித்தான்.

“கவை சொல்றது ஒரே ஒரு சுரம்தாம்மா! மிச்சம் அத்தனையும் உங்க காது வச்சது. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு அப்படி ஒட்டி நிக்குது. காது போனவங்க செய்யிற வேலையா இது?”

“அப்ப உன் குழல் இந்தச் சுருதிக்கு எறங்குமா?” என்றாள் வால்புர்கா.

“அந்தக் காலத்துல ஊருக்கொரு சுருதி. அதனாலதானே இந்தக் குழலுக்கு மாத்தி மாட்ட நாலு நடுத்துண்டு!” பெட்டியைத் திறந்து, சுருதியை இறக்க இருந்ததிலேயே நீளமான துண்டை எடுத்து மாட்டினான். ஊதிப் பார்த்தான். பியானோவோடு அப்படியே உட்கார்ந்தது.

ரோஸ்விதாவுக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கடைசி வரிசையில் உட்கார்ந்து மீதிக் கச்சேரியைக் கேட்டாள். குரல் கெஞ்ச, குழல் பிகு பண்ணிற்று. வலது காதைப் பொத்திப் பார்த்தாள். இடதில் குழல் மங்கலாகத்தான் விழுந்தது. இருந்தாலும் விழுந்தது.

கைதட்டல் ஓய்ந்ததும் வால்புர்காவின் கையைப் பிடித்தாள்.

“நாளைக்குக் காது டாக்டர்கிட்ட போறேன். கூட வர்றியா?”

“எத்தனை மணிக்கு?” என்றாள் வால்புர்கா.