ஐந்தாம் வீட்டுக்குப் பின்னால் ஒரு இடுக்கு

ரெஜினா இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு தெருவில் ஆட்களை வெட்டிக்கொண்டிருந்தேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில், செல்போன் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில், 'வீச்சு' விளையாட்டின் ஏழாம் பாகத்தைச் சோதித்துக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. திரையில் இருவர் மிச்சம். ஒருவனை வெட்டினேன். மேசையில் கிடந்த என் சொந்த போன் அடித்தது. ரெஜினாவின் தம்பி அந்தோணி. "சார், அக்கா போயிடுச்சு சார். சிதம்பரம் ரோட்டுல லாரி." சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். திரும்பிப் பார்த்தால், மிச்சமிருந்த ஆள் என் நாயகனைக் குத்திச் சாய்த்திருந்தான். மறுபடி ஆடுகிறாயா என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது.

ரெஜினாவுக்கான இந்த அஞ்சலியைப் படிக்கிற உங்களில் சிலருக்கு அவர் அரசு மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் பதிவேடு எழுதியவர். சிலருக்கு மாதா கோவில் பாடகர் குழுவில் எப்போதும் தாமதமாக வந்து சேர்கிறவர். எங்களுக்கு அவர் களம் பார்ப்பவர். 'வீச்சு' செல்போனில் ஆடுகிற வாள்சண்டை விளையாட்டு. ஒவ்வொரு பாகமும் ஒரு பழைய போரில் நடக்கும். எந்தப் போர், எந்த ஊர், எந்தப் படை என்று முடிவு செய்வது அவர் வேலை. நிரல் எழுதுவது நான். படம் வரைவது பரங்கிப்பேட்டை ஹாஜா. ஏழு வருடம் மூன்றே பேர்தான்.

முதல் நாளை நினைத்தால் இன்றும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். வரலாறு படித்த ஆள் தேவை என்று சொல்லி வைத்திருந்தோம். வரலாறு படித்திருந்த ரெஜினா மருத்துவமனை வேலை முடிந்து நேராக வந்திருந்தார். நாங்கள் பெருமையோடு ஒரு சண்டையை ஓட்டிக் காட்டினோம். வெட்டு வாங்கியவன் அந்தரத்தில் இரண்டு சுற்று சுற்றிப் போய் விழுந்தான். ரெஜினா சிரிக்கவில்லை.

"வெட்டு வாங்குனவன் பறக்க மாட்டான் சார். உக்காருவான்."

"உக்காருவானா?"

"ஆமா. உக்காந்து கையப் பாப்பான். இது நம்ம கையான்னு பாப்பான். அப்பறந்தான் சாய்வான்."

அவசரப் பிரிவில் தினமும் அரிவாள் வெட்டுகளைப் பார்க்கிறவர், அங்கே பார்த்ததைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். ஹாஜா அன்றைக்கே படத்தை மாற்றினான். வெட்டுப்பட்டவன் உட்கார்ந்தான், கையைப் பார்த்தான், சாய்ந்தான். அந்த ஒரு அசைவுதான் எங்கள் விளையாட்டுக்குப் பேர் வாங்கித் தந்தது. பார்த்தவர்கள் ஒரு நொடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனாலும் விடாமல் ஆடினார்கள்.

எங்கள் விளையாட்டை வெளியிட்டது பெங்களூரில் ஒரு நிறுவனம். அதன் மேலாளர் சேலத்துக்காரர். ரோம் போடுங்கள், ஜப்பான் போடுங்கள் என்று முதலிலிருந்தே நச்சரித்தார். "ஜப்பான்ல எனக்கு யாரத் தெரியும்?" என்று ரெஜினா ஒரே போடாகப் போட்டுவிட்டார். அவர் களம் பார்க்கிற முறையே வேறு. மைசூர்ப் படையும் வெள்ளைக்காரக் கும்பினிப் படையும் மோதிய பரங்கிப்பேட்டைப் பக்கம் முதலில் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். யார் ஜெயித்தது என்று ஹாஜா புத்தகத்தைப் புரட்டினான். "அது வேணாம். யாரால ஓட முடியாதுன்னு பாருங்க," என்றார். பிறகு பதினைந்து கிலோ அரிசி மூட்டையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, புடவையைச் செருகிக்கொண்டு, மணலில் ஓடத் தொடங்கினார். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மூச்சிரைக்கத் திரும்பி வந்து மூட்டையை என்னிடம் நீட்டினார்.

"இப்ப நீங்க ஓடுங்க."

"எதுக்குங்க இந்த மூட்ட?"

"சண்டை நடக்கறப்ப வெறுங்கையோட யாரு ஓடுவா?"

அதுவே எங்கள் வழக்கமாகிப் போனது. கோவிலையே கோட்டையாக்கிப் படை உட்கார்ந்திருந்த சிதம்பரத்தில் நாலு வீதியும் மூட்டையோடு ஓடினோம். தேவனாம்பட்டினத்தில் ஓடினோம், செஞ்சியில் ஓடி நான் காலைச் சுளுக்கிக்கொண்டேன். மூட்டையோடு தப்பிக்க ஒரு வழி கிடைத்தால்தான் அந்தப் போரை எடுப்பார். "தப்பிக்க வழியே இல்லாத சண்டையில வெளாட்டு ஏது?" என்பார். வழி கிடைக்காத இரண்டு நல்ல களங்களை அவர் கிழித்துப் போட்டதில் எனக்கு அப்போது கடும் கோபம்.

எல்லாப் பாகத்திலும் ஒரே அமைப்பில் ஒரு தெருக் கட்டம் உண்டு. முதல் பாகத்துக்கு ஒரு தெரு வேண்டும் என்றதும் அவர் கணக்கு நோட்டில் தாள் கிழித்து, பத்து நிமிடத்தில் வரைந்து கொடுத்தார். உள்ளே போக ஒரே வாய். இரண்டு பக்கமும் வீடுகள், முடிவில் சுவர். ஐந்தாம் வீட்டுக்குப் பின்னால் மட்டும் ஒரு சின்ன இடுக்கு, அதில் அம்புக்குறி. பகைவர்களில் ஆயுதத்தைக் கீழே போட்டவர்கள் அந்த வழியாக ஓடிவிட வேண்டும் என்றார். எழுதிப் பார்த்தேன். பாதிப் பேர் ஓடிப்போனார்கள். அத்தனை பேரையும் வெட்டினால்தான் அடுத்த கட்டம் என்பது விளையாட்டின் விதி. ஆகவே இடுக்கை அடைத்தேன். அவசரத்தில் ஒன்றை மறந்தேன். இடுக்கைச் சுவரால் அடைத்த நான், நிரலில் அவர்கள் ஓடும் பாதையை அழிக்கவில்லை.

விளைவு, ஆயுதம் போட்டவர்கள் எல்லாரும் இல்லாத இடுக்கை நோக்கி ஓடினார்கள். சுவரில் முட்டி, ஒருவர் மேல் ஒருவர் குவிந்தார்கள். அங்கே போய் ஒரே வீச்சு வீசினால் கொத்தாக விழுந்தார்கள். ஆடியவர்களுக்கு வெறி பிடித்துவிட்டது. நாயகன் உடம்பெல்லாம் ரத்தம், திரையெல்லாம் ரத்தம், புள்ளிகள் எகிறின. என் தவறே விளையாட்டின் உச்சமாகிவிட்டது. பெங்களூரிலிருந்து பாராட்டு வந்தது. இரண்டாம் பாகத்தில் அதை வேண்டுமென்றே வைத்தேன். மூன்றாம் பாகத்தில் சுவரில் ரத்தம் வழிய ஹாஜாவை வரையச் சொன்னேன். மாட்டேன் என்றான். நானே வரைந்தேன்.

ஒவ்வொரு பாகத்தின்போதும் ரெஜினா கேட்பார். "இந்தத் தடவையாவது இடுக்கத் தெறந்து விடுங்க சுகுமார்." நான் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வைத்திருப்பேன். ஒரு நாள் சிப்காட் ரசாயன ஆலைகளின் நாற்றம் காற்றில் வந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தேன். சம்பந்தமில்லாமல் கேட்டார்.

"ஒங்க ஊர்ல காலனிக்கு எத்தன வழி?"

எங்கள் ஊர் பெண்ணாடம் பக்கம். கரும்புக்காரக் குடும்பம். "ஒண்ணு," என்றேன்.

"பின்னால?"

"தெரியாதுங்க. அந்தப் பக்கம் போனதில்ல."

"ஒரு தடவ போய்ப் பாருங்க," என்றார். நான் போகவில்லை. ஆலைக்குக் கரும்பு வண்டி போகிற சாலையிலிருந்து காலனி கூப்பிடுகிற தூரம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போய் வந்தேன், அங்கே மட்டும் போகவில்லை.

ஐந்தாம் பாகத்தில் வெடித்தது. சேலத்துக்காரர் நேரிலேயே வந்திருந்தார். கடலூர் முற்றுகைதான் களம். குவிந்தவர்களை வெட்டும்போது அவர்கள் கும்பிடுகிற மாதிரி வைத்தால் ஜாஸ்தி விறுவிறுப்பாக இருக்கும் என்றார். நானும் சரி என்றேன். அந்தச் 'சரி' என் வாயிலிருந்துதான் வந்தது, வேறு யார் மேலும் பழி போட மாட்டேன். ரெஜினா சோதனை போனைக் கையில் எடுத்தார். தெருக் கட்டத்தை ஆட ஆரம்பித்தார். சுவர் வரைக்கும் போனார். வீசவில்லை. திரையில் அவர்கள் சுவரை முட்டிக்கொண்டே இருந்தார்கள். பிறகு போனை மேசை விளிம்பில் ஓங்கி அடித்தார். முதல் அடியில் மூடி பறந்தது. இரண்டாவதில் திரை உடைந்தது. கண்ணாடி கிழித்து உள்ளங்கையில் ரத்தம் வந்த பிறகும் நிறுத்தவில்லை. ஹாஜா ஓடி வந்து கையைப் பிடித்தான்.

"உடுங்க ஹாஜா. செவுரு வச்சி அடைக்கறது ஈஸி. முட்டறவனுக்குத்தான் தெரியும்," என்றார்.

மறுநாள் கையில் கட்டோடு வந்து, தன் சொந்த போனைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி மேசையில் வைத்தார். கும்பிடுகிற அசைவை மட்டும் நீக்கினேன். பெரிய மனது பண்ணிய நினைப்பு எனக்கு. இடுக்கு அடைத்தபடிதான் இருந்தது. ஆறாம் பாகத்திலும் அடைத்தேன். அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்காததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

தானே புயல் எங்கள் மாடித் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போன பிறகு ஏழாம் பாகத்தைத் தொடங்கினோம். அதை முடிக்க அவர் இல்லை.

அடக்கம் அவர் பிறந்த ஊரில். சிதம்பரத்திலிருந்து உள்ளே போக வேண்டும். அதுவரை நானோ ஹாஜாவோ அந்த ஊருக்குப் போனதில்லை. ஊர்த்தெருவைத் தாண்டி, வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, அவர் தெரு வாயிலில் போய் நின்றேன். அந்தத் தெருவை எனக்குத் தெரியும். ஒரே வாய். இரண்டு பக்கமும் வீடுகள். சற்றே இடப்பக்கம் வளைவு. கூரைகள் மாறித் தொகுப்பு வீடுகள் ஆகியிருந்தன. அளவு அப்படியே இருந்தது. வெளிவந்த ஆறு பாகங்களில், ஆறு படைகளின் உடுப்பில், ஆயிரம் தடவை நான் வாளோடு நுழைந்த தெரு. ஹாஜா என் தோளைப் பிடித்தான். "மச்சான், இது நம்ம தெருடா," என்றான்.

ஐந்தாவது வீடு அவருடையது. உடலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நான் வீட்டுக்குப் பின்னால் போனேன். குளியலறைச் சுவருக்கும் பக்கத்து வீட்டு வேலிக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற இடுக்கு. அதற்கப்பால் நெல் வயல். அந்தோணி என் பின்னால் வந்து நின்றார். நான் கேட்காமலே சொன்னார்.

"எனக்கு ரெண்டு வயசு சார். ஊர்க்காரங்க வந்து கொளுத்துனப்ப அக்கா என்ன இடுப்புல வச்சிக்கிட்டு இது வழியாத்தான் ஓடுச்சு. தெருவே இது வழியாத்தான் ஓடுச்சு. இது இல்லன்னா எல்லாரும் இந்தச் செவுத்துல குமிஞ்சி செத்திருப்போம்."

"அப்பா?"

"முன்னால நின்னு தடுத்தாரு. வெட்டிட்டாங்க. அப்டியே வாசல்ல உக்காந்துட்டாராம். கையையே பாத்துக்கிட்டு இருந்தாராம். அக்கா இங்கேர்ந்து பாத்துச்சு."

நான் அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ரெஜினாவின் அம்மா உள்ளேயிருந்து வந்து, தம்பி எந்த ஊரு என்று விசாரித்தார். பெண்ணாடம் பக்கம் என்றேன். எந்தத் தெரு என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனா என்பது இன்றும் எனக்குத் தெரியாது. தண்ணீர் கொடுத்தார். குடித்தேன்.

அடுத்த வாரம் ஊருக்குப் போய் எங்கள் காலனியின் பின்புறம் பார்த்துவிட்டு வந்தேன். இடுக்கு இல்லை. கரும்புக் கொல்லைக்காரர் முள்கம்பி போட்டு அடைத்திருக்கிறார். அவர் என் பெரியப்பா மகன். பேசியிருக்கிறேன், சண்டையும் போட்டிருக்கிறேன். அது இன்னும் முடியவில்லை.

கடலூர் வந்ததும் ஏழாம் பாகத்தில் இடுக்கைத் திறந்தேன். அத்தனை பேரையும் வெட்ட வேண்டும் என்ற விதியையும் எடுத்துவிட்டேன். சேலத்துக்காரர் போனில் கத்தினார். "எல்லாரும் தப்பிச்சிப் போறாங்க சுகுமார். இது பெரிய கோளாறு."

"கோளாறு ஆறு பாகமா இருந்துச்சு சார். இப்பதான் சரி பண்ணியிருக்கேன்," என்றேன். அந்தப் பாகத்தை வெளியிட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். வேண்டாம். 'வீச்சு' அதோடு நின்றால் நிற்கட்டும்.

முப்பதாம் நாள் பூசைக்குப் போனபோது, ரெஜினா அன்று மேசையில் வைத்துவிட்டுப் போன அதே போனில் அதை ஏற்றி எடுத்துப் போனேன். அந்தோணி வாங்கி ஆடினார். வாளோடு தெருவுக்குள் போனவர், நடுவில் நின்றுவிட்டார். எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. ஒவ்வொருவராக ஐந்தாம் வீட்டுக்குப் பின்னால் போய் மறைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசி ஆளும் போன பிறகு, "எல்லாரும் போயிட்டாங்க சார்," என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

ரெஜினாவின் கையெழுத்தில் என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கணக்கு நோட்டுத் தாள் ஒன்றுதான். ஒரே வாய், இரண்டு வரிசை வீடுகள், ஓர் அம்புக்குறி. அம்புக்குறிக்குப் பக்கத்தில், அந்தத் தெருவுக்கு நான் ஒரு வரி நிரல்கூட எழுதுவதற்கு முன்பே, பேனாவால் இரண்டு முறை அழுத்தி எழுதிக் கொடுத்திருக்கிறார்: இதை அடைக்க வேண்டாம்.