ராணியம்மாவின் அளவு

என் அண்ணியின் கதையைச் சொல்வதற்கு முன்னால் என் அண்ணனைத் திட்டியாக வேண்டும். கட்டிலை விட்டு இறங்காத மகராசன். வேலை தேடுகிறேன், தேடுகிறேன் என்று சொல்லியே தலை நரைத்துப் போனான். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அண்ணியின் ஊசியால்தான்.

ராஜா ராணி நாடகங்கள் போடும் கம்பெனியில் அண்ணி உடுப்பு தைத்தாள். அதே அறையில் நான் இஸ்திரி போட்டேன். உடுப்பு அறைக்குப் பொறுப்பாக இருந்த பெரியவர் ஓய்வு பெறப் போகிறார், சாவி அடுத்து உனக்குத்தான் என்று மேனேஜர் அண்ணியிடம் சொல்லியிருந்தார். சாவி கைக்கு வந்துவிட்டால் நினைத்த நேரத்தில் யாரும் வெளியே போ என்று சொல்ல முடியாது. அதற்காகத்தான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

எல்லா நாடகத்திலும் ஒருத்திதான் ராணி. அவளை ராணியம்மா என்றே கூப்பிடுவோம். கம்பெனி ஓடுவதே அவள் முகத்துக்காகத்தான். "ரெண்டு பிள்ள பெத்தும் என் இடுப்பு அப்படியே இருக்கு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அப்படியே இருக்கிறதாம்! முன்பு இருந்த தையல்காரர் ஒருநாள் டேப்பில் கண்டதைச் சத்தமாகச் சொல்லித் தொலைத்தார். மறுநாள் அவர் வரவில்லை.

அண்ணி அதைப் பார்த்துத் தொழில் கற்றவள். டேப்பைச் சுற்றுவாள், விரல் முப்பத்தாறில் நிற்கும், வாய் இருபத்தெட்டு என்று சொல்லும். உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைப்பாள். ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை யாருக்கும் தெரியாமல் தையலைப் பிரித்துக் கொஞ்சம் தளர்த்திவிடுவாள். கூடுதல் துணிக்குக் கையெழுத்துப் போடுவது மேனேஜர். அவருக்கும் எல்லாம் தெரியும்.

பல வருடத்துக்குப் பிறகு கம்பெனி தன் முதல் நாடகத்தைத் திரும்பப் போடத் தீர்மானித்தது. பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்கள். ராணியம்மா எழுந்து, "முதல் நாள் போட்ட அதே கவுனத்தான் போடுவேன். பெட்டில இருக்கு. இப்பவே போட்டுட்டு வரேன், படம் எடுத்துக்கங்க" என்றாள்.

பெட்டியில் கிடந்த அந்தக் கவுனை மட்டும் அண்ணி ஒருமுறைகூடத் தளர்த்தியதில்லை.

மறைப்புக்குப் பின்னால் அண்ணி கெஞ்சினாள். "ஒரு நாள் டைம் குடுங்கம்மா. பழைய வெல்வெட், கொஞ்சம் சரி பண்ணித் தரேன்."

"சரி பண்ண என்ன இருக்கு? மாட்டு."

மாட்டினாள். முதுகில் கொக்கி ஒரு பக்கம், வளையம் ஒரு பக்கம், நடுவில் ஒரு சாண் இடைவெளி. ராணியம்மா மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தாள். பிறகு திரும்பி, வெளியே இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "என்னடி பண்ணின இத? தண்ணில போட்டியா?" என்று கேட்டாள்.

மேனேஜர் உள்ளே ஓடி வந்தார். ஒரு பார்வையில் விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. அண்ணியை ஓரமாக இழுத்து, "ஆமான்னு சொல்லிடும்மா. சாவி உனக்குத்தான், நான் பாத்துக்கறேன்" என்றார்.

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான் துவைச்சேன்மா. சுருங்கிப் போச்சு."

அதை வெளியே வந்து சொல்லச் சொன்னாள் அந்தப் புண்ணியவதி. பத்திரிகைக்காரர்கள் முன்னால் நிறுத்திச் சொல்ல வைத்தாள். அவர்கள் சிரித்தார்கள். அண்ணிக்குக் காது வரை சிவந்துவிட்டது. எனக்கு இஸ்திரிப் பெட்டியை ராணியம்மாவின் முகத்தில் வைத்து அழுத்த வேண்டும் போலிருந்தது.

புது வெல்வெட் வைத்தால் நிறம் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் அண்ணி கவுனின் பின்னால் தரையில் புரளும் நீளத் துணியிலிருந்தே பட்டை வெட்டி, இரண்டு பக்கமும் ஒட்டுப் போட்டாள். தையல் எங்கே என்று நானே தேடினேன், தெரியவில்லை. அப்படி ஒரு வேலையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

நாடகத்தன்று கவுன் கச்சிதமாகப் பொருந்தியது. ராணியம்மா கண்ணாடி முன் இப்படியும் அப்படியும் திரும்பினாள். "பாத்தீங்களா மேனேஜர்? அதே அளவு. என் உடம்பு ஏறியிருந்தா இது இன்னைக்கு எப்படி ஏறும்? இவதான் கெடுத்திருக்கா, இவளே சரியும் பண்ணியிருக்கா. கம்பெனிப் பொருளப் பாழாக்குறவ கைல சாவியக் குடுப்பீங்களா? இவ இந்த ரூம்லயே இருக்க வேண்டாம்."

மேனேஜர் கவுனைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், அண்ணியை மட்டும் பார்க்கவில்லை. "சரிங்கம்மா" என்றார்.

கவுனைத் துவைத்துக் கெடுத்ததாகச் சொல்லி வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்று வீட்டுக்கு வந்து சொன்னோம். அண்ணன் கட்டிலில் இருந்தபடியே, "வெல்வெட்டப் போய் யாராவது துவைப்பாங்களா? அறிவு வேணாம்?" என்றான். நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"நான்தான் துவைச்சேன்" என்றாள் அவனிடம். பிறகு என்னை அடுக்களைக்குக் கூட்டிப்போய், "வேற கம்பெனில வேலை கேட்டா அந்தம்மாகிட்டதான் விசாரிப்பாங்க. நீ எங்கயும் உண்மையச் சொல்லிடாதடி" என்று சொல்லி அழுதாள்.