அடையாளம் சொன்ன பக்கத்து வீட்டுக்காரர்

நான் முதன்முதலாக வாக்குச்சாவடிப் பொறுப்பில், பிரிசைடிங் ஆபீசராக உட்கார்ந்தது அம்மையார்குப்பத்துப் பள்ளிக்கூடத்தில். ஊரில் பாதிப்பேர் நெசவுக்காரர்கள். வெயில் ஏறும்வரை வாக்குப்பதிவு சிக்கலில்லாமல் நடந்தது.

அப்போது தேவகி என்ற பெண் வாக்காளர் அட்டையை நீட்டினார். படத்தில் நீளமுடி, உருண்ட முகம். எதிரே நின்றவருக்குத் தலையில் முடியே இல்லை, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. திருத்தணி மலையில் மொட்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

திருவாலங்காட்டிலிருந்து வந்திருந்த ஒரு கட்சி ஏஜென்ட் எழுந்து, ஆள் வேறு என்று சேலஞ்ச் செய்தார். அவர் வேலையை அவர் செய்தார். சேலஞ்ச் வந்தால் விசாரித்து முடிவு சொல்வது என் பொறுப்பு. தேவகியிடம் வேறு போட்டோ அடையாளம் கேட்டேன். ஆதாரைக் கொடுத்தார். அதிலும் பழைய முகம்தான்.

“கேன்சருக்கு ஊசி போட்டுக்கினு இருக்கேங்க. முடி கொட்டிப் போச்சு, மூஞ்சியும் மாறிப் போச்சு. நான்தாங்க அது” என்றார். குரலில் நடுக்கம் இல்லை. ஓட்டுப் போடாமல் போகமாட்டேன் என்று ஓரமாக நின்றுகொண்டார்.

வரிசையில் விசாரித்தேன். தெரியும் என்று பலர் தலையாட்டினார்கள். எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், பொய்யென்றால் வழக்கு வரும் என்றதும் பின்வாங்கினார்கள்.

நடுவிலிருந்து ஒருவர் முன்னால் வந்தார். பெயர் துரைசாமி, சொந்தமாக விசைத்தறி ஓட்டுபவர்.

“பக்கத்து ஊடுங்க நான். செவுத்துத் தகராறுல இவங்களுக்கும் எனக்கும் கேசு நடந்துகினு இருக்குது. பேச்சு வார்த்தை கெடையாது. ஆனா இவங்க தேவகிதாங்க. எங்க கையெழுத்து போடணும்?”

தேவகிக்காகப் பொய் சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இல்லை. சேலஞ்சைத் தள்ளுபடி செய்தேன். ஏஜென்ட்டும் தேவகியிடம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தேவகி விரலில் மை வைத்துக்கொண்டு மறைவுக்குள் போனார். மெஷின் பீப் அடித்தது. வெளியே வந்தவர் துரைசாமி முன்னால் ஒரு கணம் நின்றார். துரைசாமியோ முகத்தைத் திருப்பிக்கொண்டு வரிசையில் தன் இடத்துக்கே போய்விட்டார்.

இந்த டூட்டிக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: படம் பொருந்தவில்லை என்பதற்காக ஆளை உடனே திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். அதற்கு விதியிலேயே இடம் இருக்கிறது. அன்று நான் விசாரிக்காமல் விட்டிருந்தால் ஒரு ஓட்டு மட்டும் போயிருக்காது. துரைசாமி எப்படிப்பட்ட மனிதர் என்பது எனக்கும் தெரிந்திருக்காது, தேவகிக்கும் தெரிந்திருக்காது.