கிழக்கே தெரிந்த தீபம்

அற்புதம், அதிசயம் எதையும் நம்பாதவன் நான். பினாங்கில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் உதவி ஆசிரியனாக இருந்தபோது, அப்படி வருகிற செய்திகளைக் குப்பைக்கூடையில் போடுவதும் என் வேலைகளில் ஒன்று. நீங்களும் இதை அங்கேயே போடலாம். பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை மாதம் ஊர் திரும்பிக்கொண்டிருந்தேன். பல நாள் கப்பலில் துணியெல்லாம் உப்பில் விறைத்து, குடிதண்ணீரில் இரும்பு ருசி ஏறிவிட்டது. டெக்கில் பாய் போட்டிருந்தவர்கள் பெட்டிகளைக் கயிற்றால் கட்டி, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தோம். சென்னை கண்ணுக்கெதிரே இருந்தது. கொந்தளிப்பு அடங்காததால் துறைமுகத்துக்குள் விடவில்லை. வெளியே நங்கூரம் போட்டுவிட்டார்கள். அன்றுதான் தீபத் திருநாள்.

பக்கத்துப் பாயில் முனுசாமியும் அவன் மனைவி கன்னியம்மாவும் இருந்தார்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். ஊர் அடி அண்ணாமலை. நான் அதே மலைக்கு மறுபக்கம், திருவண்ணாமலையில் கோயில் தெருவில் பிறந்தவன். புருஷன் காய்ச்சலில் கிடந்தபோது கன்னியம்மா வேண்டிக்கொண்டிருந்தாள்: இந்த வருஷம் தீபத்தன்று, மலைமேல் தீபத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பச்சைத் தண்ணீரும். ஏற்கெனவே கடல் வாந்தியில் உடம்பு வற்றி, உதடு வெடித்திருந்தது. நாடி பார்த்த கப்பல் டாக்டர், இரவுக்குள் தண்ணீர் இறங்காவிட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

முனுசாமி என் கையைப் பிடித்தான். "நீங்க படிச்சவரு, நம்ம மலைக்காரரு. ஏதாவது வெளக்கக் காட்டி, தீபம்னு சொல்லிடுங்க சார். நான் சொன்னா நம்ப மாட்டா."

சம்மதித்தேன். சாயங்காலம் அவளைத் தூக்கிக்கொண்டு கரை தெரியும் பக்கம் போனோம். கலங்கரை விளக்கத்தைக் காட்டி முடித்துவிடலாம் என்பது என் திட்டம். அவளோ மறுபக்கம், வெறும் கடல் பக்கம், கையைக் காட்டினாள்.

மலை மேற்கில் அல்லவா இருக்கிறது என்றேன்.

"எங்களுக்கு மேக்க ஏதுங்க தீபம்? பொறந்ததுலேருந்து கெழக்கப் பாத்துத்தான் கும்புடறோம்."

அடி அண்ணாமலை மலைக்கு மேற்கே இருக்கிற ஊர். அங்கே நின்றால் மலை கிழக்கு. ஊரில் அது சரிதான், இங்கே கடல் நடுவில் எப்படிச் சரியாகும் என்று எவ்வளவோ விளக்கினேன்.

"கடலுக்குள்ளயாடி மலை மொளைச்சிருக்குது?" என்றான் முனுசாமி.

"நீ சும்மா இருய்யா."

கிழக்கே பார்த்து உட்கார வைத்தோம். இருட்டத் தொடங்கியது. வானம் முழுக்க மேகம். தூரத்தில் நின்ற ஒரு கப்பலின் விளக்கைக் காட்டி, அதோ தீபம் என்றேன்.

"அது ஆடுதுங்க. தீபம் ஆடாது. இன்னும் ஏத்தல."

நம்பினால் நம்புங்கள், அடிவானத்துக்கு மேலே, நல்ல உயரத்தில், மஞ்சளாக ஒரு சுடர் பிடித்து எழுந்தது. கப்பல் ஆடியது, நான் பிடித்திருந்த கம்பி ஆடியது, அது ஆடவில்லை. "தெரியுது" என்று என் வாயில் தானாக வந்தது. கன்னியம்மா கை கூப்பி அரோகரா சொல்லிவிட்டு, புருஷன் நீட்டிய டம்ளரை வாங்கி நிதானமாகக் குடித்தாள்.

நிலவு என்பீர்கள். அன்று பௌர்ணமி, நானும் அப்படித்தான் சமாதானம் செய்துகொண்டேன். சற்று நேரத்தில் மேகம் விலகி நிலவும் வந்தது, சுடருக்கு இடப்புறம், கையகல இடைவெளி விட்டு. இரண்டும் இருந்தன. எங்கள் தெருவில் தீபம் பார்க்கிறவனுக்கு நிலவு முதுகுக்குப் பின்னால் எழும். இதென்ன, இரண்டும் ஒரே பக்கம் என்று முணுமுணுத்தேன்.

"எங்க ஊர்ல இப்படித்தாங்க, பக்கத்துலயே வரும்" என்றாள், சாதாரணமாக.

மறுநாள் துறைமுகத்தில் இறங்கும்போது முனுசாமி என்னைத் தனியே இழுத்தான். "அந்தப் பொய்ய எப்படி சார் அவ்ளோ நெஜமா சொன்னீங்க? நானும் தெரியுது தெரியுதுன்னு சொல்லி வெச்சேன்." அவன் கண்ணுக்கு நிலவு மட்டும்தான் தெரிந்ததாம். நான் மறுத்தும் அவன் நம்பவில்லை, சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

விடக்கூடாது என்று அடுத்த கார்த்திகைக்கு அடி அண்ணாமலைக்கே போய் நின்றேன். தீபம் ஏறியது. சற்றுப் பொறுத்து நிலவு வந்தது, சுடருக்கு இடப்புறம், அதே கையகல இடைவெளி. கடலில் நான் பார்த்தது இந்தக் காட்சியைத்தான். அதற்கு முன் அந்த ஊரிலிருந்து நான் தீபம் பார்த்ததே இல்லை.